பிரம்புப் புதரில் கிடைத்த பிள்ளை

சின்ன காஞ்சிபுரத்தில் அத்திகிரி வரதனைச் சேவித்து வெளியே வரும் அன்பர்களில் பலர், அங்கிருந்து சிறிது தூரத்திலேயே இருக்கும் திருவெஃகாவுக்கும் செல்வதுண்டு. சொன்னவண்ணம் செய்த பெருமாள், யதோக்தகாரி என்னும் திருநாமங்களுடன் எம்பெருமான் அங்கே பள்ளிகொண்டிருக்கிறார். வழக்கமான சயனத்துக்கு மாறாக, திசை மாறிக் கிடக்கும் திருக்கோலம் அது. அதற்கான காரணம் திருமழிசையாழ்வாரின் வரலாற்றில் இருக்கிறது. ஆழ்வாரின் சீடரான கணிகண்ணனைப் பல்லவ மன்னன் நாட்டை விட்டு வெளியேறச் சொன்னான். சீடன் இல்லாத ஊரில் தமக்கு என்ன வேலை என்று ஆழ்வாரும் புறப்பட்டார். புறப்படும் முன், பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு தம்முடன் வந்துவிடும்படி பெருமாளிடம் வேண்டினார். பெருமாளும் அப்படியே எழுந்து நடந்தார். மூவரும் ஓர் இரவு தங்கிய இடமே ஓரிருக்கை. மன்னன் வருந்தி அழைத்தபின் மூவரும் திரும்பினர். போய் வந்ததற்கு அடையாளமாகப் பெருமாள் திசை மாற்றிச் சயனித்தார் என்பது தல வரலாறு.

பெருமாளையே எழுந்து நடக்க வைத்த அந்த ஆழ்வார் யார் வீட்டுப் பிள்ளை? உபந்நியாசங்களில் விரைவாகக் கடந்துபோகும் பகுதி அது. பார்க்கவ முனிவருக்கும் கனகாங்கிக்கும் உருவம் கூடாத பிண்டமாகப் பிறந்த குழந்தையை அவர்கள் பிரம்புப் புதரடியில் விட்டுச் சென்றார்கள். இறையருளால் அது உயிர் பெற்று அழுதது. பிரம்பு அறுக்க வந்த திருவாளன் என்பவர் அழுகுரல் கேட்டு எடுத்துச் சென்று தம் மனைவி பங்கயச்செல்வியின் கையில் கொடுத்தார். அவர்களுக்குப் பிள்ளைப்பேறு இல்லை. அந்தக் குழந்தையோ பால் அருந்த மறுத்தது. செய்தி கேட்டு வந்த ஒரு முதிய தம்பதியர் பயபக்தியுடன் பால் காய்ச்சிக் கொண்டுவந்து கொடுக்க, அதைமட்டும் அருந்தியது. எஞ்சிய பாலைப் பருகிய அந்த முதியவர்களுக்கு இளமை திரும்பி ஒரு மகன் பிறந்தான். அவனே கணிகண்ணன்.

பெற்றவர்கள் விட்டுச் சென்ற ஒரு குழந்தையைப் பிள்ளையில்லாத இரண்டு வீடுகள் சேர்ந்து வளர்த்த கதை இது. தை மகத்தில் ஆழ்வாரின் திருநட்சத்திரத்தைக் கொண்டாடும் எந்தக் கோயிலிலும் அவருடைய கோத்திரம் பற்றிய கேள்வி எழுவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் துளசி வனத்தில் கிடைத்த பெண்ணைப் பெரியாழ்வார் வளர்த்து அரங்கனுக்கே மணமுடித்துக் கொடுத்தபோதும் எழவில்லை. ஜனகர் உழுசாலில் கண்டெடுத்த சீதைக்கு அயோத்தியில் அந்தக் கேள்வி தடையாக இருந்ததில்லை. ஆனால் இன்றைய வீடுகளில் அது எழுகிறது.

கோயில் நகரங்களின் வீதிகளில் இன்று பிள்ளைகள் வெளிநாட்டில் வாழும் வீடுகள் குறைவல்ல. பெரியவர்கள் இருவர் மட்டும் வீட்டில் இருப்பார்கள். மகன் அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ இருப்பான். திருமணமாகிப் பத்து ஆண்டுகள் கடந்திருக்கும். ராமேஸ்வரம், திருக்கருகாவூர் என்று வேண்டுதல்கள் நிறைவேற்றப்பட்டிருக்கும், மருத்துவங்களும் பார்த்தாயிற்று. ஒருநாள் மகனும் மருமகளும், இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்கப் பதிவு செய்திருப்பதாகத் தொலைபேசியில் சொல்கிறார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரே உரையாடல்தான். “ஏதாவது தகவல் வந்ததா, கண்ணா?” “இன்னும் இல்லம்மா.” குழந்தை ஒரு நாட்டில், பெற்றோராகப் போகிறவர்கள் மற்றொரு நாட்டில், நடுவே இரண்டு அரசாங்கங்கள். பாட்டிக்கு அது எந்த ஊர்க் குழந்தை, என்ன வயது, ஆணா பெண்ணா எதுவும் தெரியாது. ஆனாலும் பெருமாள் சந்நிதியில் அந்தக் குழந்தையின் பெயரில் அர்ச்சனை செய்ய வேண்டும்போல் இருக்கிறது. பெயரும் தெரியாது.

காத்திருப்பது காஞ்சிபுரத்துக்குப் பழக்கமில்லாத விஷயமல்ல. அனந்தசரஸ் திருக்குளத்தின் நீருக்கடியில் எழுந்தருளியிருக்கும் அத்திவரதர் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே வந்து சேவை சாதிக்கிறார். 1979இல் வந்தவர், 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாட்கள் காட்சி தந்தார். முதலில் சயனத் திருக்கோலம், ஆகஸ்ட் முதல் நாளிலிருந்து நின்ற திருக்கோலம். அடுத்தது 2059. எவ்வளவு நீண்டதானாலும் அந்தக் காத்திருப்புக்கு நாள் குறித்திருக்கிறது. தத்துக் குழந்தைக்கான காத்திருப்புக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. வீட்டுப் பெரியவர்களை வாட்டுவதும் அதுவே.

கோத்திரம் என்னும் கேள்வி

காத்திருக்கும் நாட்களில் வீட்டில் பேச்சு வளர்கிறது. யார் பெற்ற பிள்ளையோ, என்ன குலமோ, நாளைக்குத் திதி கொடுக்க உரிமை உண்டா, சங்கல்பத்தில் எந்தக் கோத்திரம் சொல்வது? இவை கெட்ட எண்ணத்தில் எழும் கேள்விகள் அல்ல. வாழ்நாள் முழுதும் ஆசாரத்துடன் வாழ்ந்தவர்களுக்கு இயல்பாக வரும் கவலைகள். அதனால் அவற்றுக்குச் சாத்திரத்திலிருந்தே விடை தேடுவது நல்லது.

மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம் பன்னிரண்டு வகைப் புதல்வர்களைக் கூறுகிறது. அவர்களில் முதல் ஆறு வகையினர் உறவும் சொத்துரிமையும் உடையவர்கள். அந்த ஆறில் பெற்றோர் விருப்பத்துடன் கொடுத்த தத்தபுத்திரனும் இருக்கிறான். பெற்றோரால் கைவிடப்பட்டு, வேறொருவரால் எடுத்து வளர்க்கப்பட்ட ‘அபவித்தன்’ என்பவனும் அந்த ஆறுக்குள்ளேயே இருக்கிறான். தத்துப் பிள்ளை தன்னைப் பெற்றவரின் கோத்திரத்தையோ சொத்தையோ பெறுவதில்லை என்றும் அதே அத்தியாயம் சொல்கிறது. தத்தெடுத்தவரின் கோத்திரமே அவன் கோத்திரம். சங்கல்பக் கேள்விக்கு அதிலேயே பதில் கிடைத்துவிடுகிறது. பிற்கால நிபந்த நூல்கள் குலம், உறவு என்று பல கட்டுப்பாடுகளைச் சேர்த்தது உண்மைதான். ஆங்கிலேயர் கால நீதிமன்றங்கள் அவற்றை வைத்துப் பல ஆண்டுகள் வழக்காடியதும் உண்மை.

இதைவிடத் தெளிவானது ஐதரேய பிராமணத்தில் வரும் சுனச்சேபனின் வரலாறு. வருணனுக்குத் தன் மகனை யாகத்தில் தருவதாக வாக்களித்த அரிச்சந்திரன் நாளைக் கடத்திக்கொண்டே போகிறான். மகன் ரோகிதன் தனக்குப் பதிலாக வேறொரு பிள்ளையைத் தேடுகிறான். அஜீகர்த்தன் என்னும் ஏழை அந்தணன் நூறு பசுக்களுக்குத் தன் நடுப்பிள்ளை சுனச்சேபனை விற்கிறான். யூபத்தில் கட்ட ஆள் கிடைக்காதபோது இன்னும் நூறு பசுக்கள் வாங்கிக்கொண்டு தானே கட்டுகிறான். வெட்டவும் முன்வருகிறான், மேலும் நூறு பசுக்களுக்கு. தேவர்களைத் துதித்துக் கட்டவிழ்ந்த அந்தப் பிள்ளை விசுவாமித்திரரின் மடியில் போய் அமர்கிறான். அஜீகர்த்தன் திரும்பக் கேட்கிறான். பிள்ளை மறுக்கிறான். விசுவாமித்திரர் அவனுக்குத் தேவராதன் என்று பெயரிட்டு மூத்த மகனின் இடத்தைத் தருகிறார்.

கதை அங்கே முடியவில்லை. விசுவாமித்திரருக்கு நூற்றொரு மக்கள் இருந்தனர். மூத்தவர் ஐம்பது பேருக்கு இந்தப் புதிய அண்ணனைப் பிடிக்கவில்லை. தந்தையின் சாபத்துக்கு ஆளாயினர். மதுச்சந்தஸின் தலைமையில் இளையவர் ஐம்பது பேர் ஏற்றுக்கொண்டு ஆசி பெற்றனர். வேத காலத்திலேயே குழந்தை விற்பனையும் இருந்திருக்கிறது, குடும்பத்துக்குள் பாதிப்பேர் முகம் திருப்புவதும் இருந்திருக்கிறது! அந்தச் சம்பவத்தில் வேதம் யார் பக்கம் நின்றது என்பதைப் பெரியவர்கள் கவனிக்கலாம்.

நாட்டுச் சட்டமும் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டப்படி, தத்தான நாளிலிருந்து குழந்தை எல்லா வகையிலும் தத்தெடுத்தவரின் குழந்தையே. முறையாக நடந்த தத்தைப் பின்னர் ரத்து செய்ய இயலாது. கொடுத்தலும் ஏற்றலும் உண்மையாக நடந்திருக்க வேண்டும். தத்த ஹோமம் கட்டாயமில்லை என்று அந்தச் சட்டம் வெளிப்படையாகவே கூறுகிறது. அதுவரை ஆண்பிள்ளையை மட்டுமே சுவீகாரம் எடுத்து வந்த வழக்கத்தை மாற்றி, பெண் குழந்தையையும் தத்தெடுக்க வழி செய்ததும் அந்தச் சட்டமே. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் இல்லத்திலிருந்து வரும் குழந்தைக்கும் பெற்ற பிள்ளைக்குரிய அத்தனை உரிமைகளும் உண்டு.

ஏன் இவ்வளவு தாமதம்?

பெரியவர்களின் அடுத்த கேள்வி இது. அநாதை இல்லங்களில் இத்தனை குழந்தைகள் இருக்கும்போது ஆண்டுக்கணக்கில் ஏன் அலைய விடுகிறார்கள்? கேள்வி நியாயமானது. விடையை அறிய நாற்பது ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும்.

1982இல் லட்சுமிகாந்த் பாண்டே என்னும் வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தியக் குழந்தைகளை வெளிநாட்டுக்குத் தத்து அனுப்பும் தொழிலில் முறைகேடுகள் நடக்கின்றன, குழந்தைகள் தூர தேசங்களில் துன்பப்படுகின்றனர் என்பது அதன் சாரம். அந்தக் கடிதத்தையே நீதிமன்றம் மனுவாக ஏற்றது. 1984 பிப்ரவரி 6ஆம் நாள் நீதிபதி பி.என். பகவதி வழங்கிய தீர்ப்பு விரிவான நெறிமுறைகளை வகுத்தது. குழந்தைக்கு முதலில் இந்தியாவிலேயே பெற்றோரைத் தேட வேண்டும், கிடைக்காதபோதே வெளிநாடு, இடையில் யாரும் லாபம் பார்க்கக் கூடாது என்பவை அவற்றின் அடிப்படை. அதன் விளைவாக 1990இல் மத்திய தத்துவள ஆணையம், சுருக்கமாகக் ‘காரா’, அமைந்தது. நாடுகளுக்கிடையேயான தத்து குறித்த ஹேக் உடன்படிக்கை 1993இல் உருவாயிற்று. இந்தியா அதை 2003இல் ஏற்றது.

இத்தனை காவல் இருந்தும் தமிழகத்திலேயே வேலி தாண்டியிருக்கிறார்கள். சென்னையில் வீடில்லாமல் தெருவோரம் உறங்கிய ஏழைகளின் குழந்தைகள் திருடப்பட்டு, பொய்யான ஒப்படைப்புக் காகிதங்களுடன் வெளிநாடுகளுக்குத் தத்து அனுப்பப்பட்ட கொடுமை 2005இல் வெளிச்சத்துக்கு வந்தது. தன் பிள்ளை ஐரோப்பாவில் வேறு பெயரில் வளர்கிறான் என்பதைப் பல ஆண்டுகள் கழித்து அறிந்த தாயும் இந்த ஊர்களில் உண்டு. அங்கே வளர்த்தவர்களோ, எல்லாம் முறைப்படி நடந்ததாக நம்பியவர்கள். யாருக்காக அழுவது? 2019இல் ராசிபுரத்தில் குழந்தைகளை விலை பேசி விற்றதாக ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் கைதான செய்தியும் பலருக்கு நினைவிருக்கும்.

ஆகவே இன்றைய நடைமுறையில் ஒரு குழந்தை தத்துக்கு உரியது என்று அறிவிக்கப்படும் முன் பல படிகள் இருக்கின்றன. ஒரு தாய் தன் குழந்தையை வளர்க்க இயலாமல் குழந்தைகள் நலக்குழுவிடம் ஒப்படைத்தால், மனம் மாறித் திரும்பப் பெற அவளுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. அந்த இரண்டு மாதங்களும் அவளுடையவை. எங்கோ கண்டெடுக்கப்பட்ட குழந்தையானால், பெற்றோரைத் தேடி நாளிதழில் படத்துடன் அறிவிப்பு வர வேண்டும். காலையில் காப்பியுடன் செய்தித்தாளைப் புரட்டும்போது ஓரத்தில் ஒரு சிறிய கட்டத்தில் குழந்தையின் முகம் தெரியுமே, அது இதுதான். காவல்துறை விசாரணையும் உண்டு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இரண்டு மாதங்களும், அதற்கு மேற்பட்டதற்கு நான்கு மாதங்களும் இதற்கென வகுக்கப்பட்டிருக்கின்றன. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தில் வந்து சேர்ந்த பெண் குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது, தொட்டிலில் வைத்துவிட்டு இருளில் நடந்துபோன தாயை யாரும் பேசுவதில்லை. பிரம்புப் புதரருகே திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாளா கனகாங்கி என்று எந்த நூலும் சொல்லவில்லை.

மற்றொரு காரணம் எளிய கணக்கு. நாடு முழுதும் பதிவு செய்து காத்திருக்கும் பெற்றோர் முப்பதாயிரத்துக்கும் மேல். தத்துக்குரியவை என்று அறிவிக்கப்பட்ட குழந்தைகளோ அதில் சிறு பகுதியே. இல்லங்களில் வளரும் பல குழந்தைகளுக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள். வறுமை காரணமாக அங்கே விட்டிருக்கிறார்கள். அவர்களைத் தத்துக் கொடுக்க முடியாது. 2024-25ஆம் ஆண்டில் நாட்டில் நடந்த தத்துகள் 4,515. அவற்றில் 4,155 உள்நாட்டுக் குடும்பங்களுக்கு. சிறு குழந்தையை விரும்புவோருக்குக் காத்திருப்பு மூன்று ஆண்டுகளைத் தாண்டுகிறது.

அயல்நாட்டில் வாழும் மகனின் குடியுரிமையைப் பொறுத்தும் முறை மாறும். இந்தியக் கடவுச்சீட்டுடன் வெளிநாட்டில் வாழ்பவர் உள்நாட்டினருக்கு இணையாக வரிசையில் நிற்கலாம். அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றவர், இந்திய வம்சாவளியினரானாலும், அவர்களுக்கு அடுத்த வரிசையில்தான். ஆகவே அத்தகைய வீடுகளுக்கு வரும் குழந்தை பெரும்பாலும் சற்று வளர்ந்ததாகவோ, சிகிச்சை தேவைப்படுவதாகவோ இருக்கும். தொட்டிலை வாங்கி வைத்த பாட்டியின் வீட்டுக்குப் பல் விழுந்த ஆறு வயதுப் பிள்ளை வரக்கூடும். இதை முன்கூட்டியே மனத்தில் கொள்வது நல்லது.

வழிமுறையைச் சுருக்கமாகச் சொல்வதானால், வாழும் நாட்டில் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் ஒன்று வீட்டுக்கு வந்து குடும்ப ஆய்வறிக்கை தயாரிக்கும். வருமானம், உடல்நலம், இல்லறத்தின் உறுதி எல்லாம் விசாரிக்கப்படும். மணமாகி இரண்டு ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும். குழந்தைக்கும் பெற்றோருக்கும் இடையே 25 வயதுக்குக் குறையாத வித்தியாசம் வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைக் கோரும் தம்பதியரின் வயதுகளைக் கூட்டினால் 85க்கு மேற்படக் கூடாது. பிறகு வரிசை. ஒருநாள் கணினியில் ஒரு புகைப்படமும் மருத்துவக் குறிப்பும் வரும். வெளிநாட்டில் இருப்பவர் 96 மணி நேரத்துக்குள் அந்தக் குழந்தையைத் தமக்கென ஒதுக்கிக்கொள்ள வேண்டும். மூன்று ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கு நான்கே நாட்கள்! ஏற்றபின் இரு நாடுகளின் இசைவு, காராவின் தடையின்மைச் சான்று, மாவட்ட ஆட்சியரின் தத்து ஆணை, கடவுச்சீட்டு, விசா. 2022க்கு முன் ஆணை வழங்கியவை நீதிமன்றங்கள். இப்போது அந்த அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. கட்டணம் அரசு நிர்ணயித்தது, ரசீது உண்டு. நன்கொடை என்ற பெயரில் எவரும் எதுவும் கேட்கக் கூடாது.

குறுக்கு வழி காட்டுவோரும் வருவார்கள். தெரிந்த மருத்துவமனை, தெரிந்த தரகர், பிறப்புச் சான்றிதழிலேயே உங்கள் மகன் பெயர் என்பார்கள். குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்து ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்ச ரூபாய் அபராதமும் பெறக்கூடிய குற்றம். உறவினர் குழந்தையைச் சுவீகாரம் எடுத்துப் பத்திரம் பதிந்துவிட்டால் விமானம் ஏறிவிடலாம் என்று நம்புவோரும் உண்டு. பதிவுப் பத்திரம் மட்டும் போதாது. அயல்நாடு செல்லும் குழந்தைக்குக் காராவின் சான்று வேண்டும். இந்து சட்டப்படி நடக்கும் தத்துகளுக்கும் அதற்கான முறை 2021இல் வகுக்கப்பட்டிருக்கிறது.

காகிதம் குறைந்தால் அதன் வினை எவ்வளவு காலம் கழித்து வரும் என்பதற்கு ஒரு சான்று. சிறு வயதில் இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குத் தத்துச் சென்ற ஒரு பெண்ணுக்குக் குடியுரிமை பெறும் வேலையை யாரும் முடிக்கவில்லை. வளர்ந்து, மணமாகி, குழந்தைகளும் பிறந்தபின் 2008இல் அவர் தனியாக மும்பைக்குத் திருப்பியனுப்பப்பட்டார். இந்த அவலத்துக்கு முடிவுகட்டவே 2000ஆம் ஆண்டில் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. இந்தியாவிலேயே தத்து முழுமையடைந்து பெற்றோருடன் குடியேறும் குழந்தை இப்போது அந்நாட்டில் நுழைந்ததுமே குடியுரிமை பெறுகிறது. முந்தைய தலைமுறைக்கு அந்தச் சட்டம் முழுமையாக உதவவில்லை.

உலகின் பிற பகுதிகளிலும் இந்தக் கதவு குறுகி வருகிறது. இலங்கை உட்பட ஐந்து நாடுகளிலிருந்து பழைய நாட்களில் வந்த தத்துகளை ஆராய்ந்த குழுவின் அறிக்கைக்குப் பின், 2021இல் நெதர்லாந்து வெளிநாட்டுத் தத்துகளை நிறுத்திவைத்தது. டென்மார்க்கில் அந்தப் பணியைச் செய்துவந்த ஒரே நிறுவனம் 2024 தொடக்கத்தில் விலகிக்கொண்டது. அதே ஆண்டு சீனா, உறவினர் தத்து தவிர, தன் குழந்தைகளை வெளிநாட்டவருக்குக் கொடுப்பதை நிறுத்தியது. பாதி வழியில் இருந்த குடும்பங்கள், புகைப்படத்தைப் பார்த்துப் பெயரும் வைத்துவிட்ட குடும்பங்கள், வெறுங்கையுடன் நின்றன.

வீட்டுக்கு வந்தபின்

காத்திருக்கும் காலத்தில் பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஆய்வுக்கு வரும் சமூகப் பணியாளர், குடும்பத்தில் மற்றவர்களின் மனநிலையையும் அறிய விரும்புவார். தாத்தாவும் பாட்டியும் இந்தக் குழந்தையை எப்படி எதிர்பார்க்கிறார்கள் என்பது வெறும் சம்பிரதாயக் கேள்வி அன்று. வீட்டில் பெரியவர் ஒருவர் “நம்ம ரத்தம் இல்லையே” என்று ஒருமுறை சொன்னது பிள்ளையின் காதில் விழுந்துவிட்டால் அதை எடுக்க முடியாது. இங்கே நெசவாளர் வீடுகளில் கோர்வைப் புடவை நெய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட்டி ஒவ்வோர் இழையாகக் கோத்துச் சேர்ப்பார்கள். வேலை மெதுவாகத்தான் நகரும். புடவை நைந்தாலும் கரை தனியே பிரிவதில்லை.

குழந்தையிடம் உண்மையை மறைக்கலாமா என்று பல வீடுகளில் யோசிக்கிறார்கள். மறைக்க வேண்டாம் என்பதே இத்துறையில் அனுபவமுள்ளோர் அனைவரும் கூறுவது. சிறு வயதிலேயே, கதை சொல்வதுபோலச் சொல்லிவிட வேண்டும். அதற்குத் தாத்தா பாட்டியைவிடத் தகுந்தவர் யார்? துளசி வனத்துக் கோதையையும், ஆய்ப்பாடியில் யசோதை வளர்த்த கண்ணனையும், பிரம்புப் புதரில் கிடைத்த ஆழ்வாரையும் கையில் வைத்திருப்பவர்கள் அவர்கள். “நீயும் அப்படித்தான் எங்களுக்குக் கிடைச்சே” என்று முடிக்க ஒரு வாக்கியம் போதும். பதினெட்டு வயது நிறைந்தபின் தன் பிறப்பைத் தேட அந்தப் பிள்ளைக்குச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. ஒருநாள் அது ஏதாவது ஒரு தமிழக ஊரின் பெயரைக் கேட்டுக்கொண்டு வரக்கூடும். அப்போது வளர்த்தவர்கள் மனம் கலங்குவதற்கு ஒன்றுமில்லை. கண்ணன் மதுராவுக்குச் சென்று தேவகியைக் கண்டபின்னும் யசோதை யசோதையாகவே இருந்தாள்.

முதல் மாதங்கள் எளிதாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். இல்லத்தில் வளர்ந்த குழந்தை உணவைத் தலையணைக்கடியில் ஒளித்து வைக்கலாம். இரவில் யாரும் பக்கத்தில் இல்லாவிட்டால் அழலாம், அல்லது அழாமலே கிடக்கலாம். அழாத குழந்தையைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். கொஞ்சத் துடிக்கும் பாட்டி சற்றுப் பொறுத்து, முதலில் தாயிடம் ஒட்டிக்கொள்ளவிட வேண்டும். வெளிநாடு சென்ற குழந்தையின் நலம் குறித்து முதல் ஆண்டில் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், இரண்டாம் ஆண்டில் ஆறு மாதங்களுக்கு ஒருமுறையும் அறிக்கை வர வேண்டும் என்பது விதி. சமூகப் பணியாளர் வீட்டுக்கு வருவதைச் சந்தேகமாகக் கொள்ள வேண்டியதில்லை.

இனி எஞ்சியிருப்பது ஜாதகம். கண்டெடுத்த குழந்தைக்குப் பிறந்த நேரம் கிடைக்காது. பிறந்த நாள்கூட மருத்துவர் கணித்ததாக இருக்கலாம். அர்ச்சனைச் சீட்டில் நட்சத்திரம் கேட்டால் என்ன சொல்வது என்ற தயக்கத்திலேயே குழந்தையைக் கோயிலுக்கு அழைத்துவராமல் இருக்கும் வீடுகளும் உண்டு. தெரியாத நட்சத்திரத்துக்குப் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு நாம நட்சத்திரம் சொல்லும் வழக்கம் வெகுகாலமாக இருக்கிறது, கோத்திரம் தந்தையுடையது. பிள்ளைக்குப் பெயர் மட்டும் தெரிந்திருந்தால் போதும், அர்ச்சகர் அதைச் சொல்லித் தீபத்தைக் காட்டுவார். தத்து குறித்து மேலும் அறிய விரும்புவோர் அந்தந்த மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை நேரில் அணுகலாம்.